எத்தினை பேர்

வீட்டில் ஒருவர் நோயில் செத்தால் கிராம அலுவலர், ஊர்ப்பேச்சில் விதானை, போய்ப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோனால்தான் பதிவாளர் சாவைப் பதிவார். 12 வருடமாக நான் இந்த அறிக்கையை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் யார் கண்மூடினாலும் பங்குச் சுவாமிக்கும் சொந்தக்காரருக்கும் சொன்ன கையோடு எனக்கும் சொல்லிவிடுவார்கள். போன மாதம் ஒரு விடியப்புறம் நாலரை மணிக்கு அப்படித்தான் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, விதானை ஐயா போட்டார்."

நான் போனபோது அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். கையில் செபமாலை சுற்றியிருந்தது. வலது கைப் பெருவிரலின் ஓரத்தில் எப்போதும் இருக்கிற நீல மை அன்றைக்கும் இருந்தது. தேய்த்துக் கழுவியும் போகவில்லை என்று மகள் சொன்னா. ஒரு வாங்கில் இருந்து படிவத்தை எடுத்தேன். இறந்தவரின் முழுப்பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பெயர் தெரியாமல் இல்லை. ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று மூன்று பகுதியாக நீளும் பெயர் அது. ஊரில் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி எவரும் கூப்பிட்டதில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியின் கடிதங்களில் இரண்டு முதலெழுத்தும் ஒரு பெயருமாக வரும். அவர் மட்டும் எங்கே கையொப்பம் வைத்தாலும் அடியில் மூன்றையும் விரித்து எழுதுவார். "முதலெழுத்துக்குப் பின்னால ஆளை ஒளிச்சு வைக்காதை பிள்ளை" என்று எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மூன்றையும் விரித்து எழுதினேன். மகள் கேட்டுக்கொண்டபடி இங்கே அந்தப் பெயரைப் போடவில்லை. அதற்காக ஐயா என்னை மன்னிக்க வேண்டும்.

முழங்காவில் பக்கம் எங்கள் ஊர். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகிற வீதியில் வந்தால் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கஜூ மரங்கள், அதற்கும் அப்பால் கடல். ஐயாவின் பூர்வீகம் அந்தக் கடலுக்குள் இருக்கிற இரணைதீவு. தீவுச் சனம் 1992 இல் எழும்பிக் கரைக்கு வந்தபோது அவரும் குடும்பத்தோடு வந்தார். தன்னோடு இடம்பெயர்ந்த சனத்துக்குத் தானே விதானையாக இருந்தார்.

எனக்கு அவரைத் தெரியவந்தது 2008 தொடக்கத்தில். அதற்கு முதல் வருடம் உயர்தரப் பரீட்சை, ஏ.எல்., எழுதியிருந்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. சும்மா வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் சண்டைக்குத் தப்பி மன்னார்ப் பக்கத்தால் சனம் ட்ராக்டரிலும் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களைப் பதிந்து நிவாரண அட்டை எழுத ஐயாவுக்குக் கை போதவில்லை. எழுத்து வடிவான பிள்ளை ஒன்று வேணும் என்று அயலில் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு முதலில் விருப்பம் இல்லை. "வேதக்காரர், பிறகு கோயிலுக்கு வா எண்டு இழுப்பினம்" என்றா, கிறிஸ்தவரைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் என்னை ஒருநாளும் இழுக்கவில்லை. பல வருடம் கழித்துக் கிராம அலுவலர் பரீட்சைக்கு நான் வெளிக்கிட்டபோது, "போற வழியில முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார், தேங்காய் உடையாமல் போகாதை" என்று காசு தந்து விட்டவர் அவர்தான்.

அவருடைய கந்தோர் ஒரு புளியமரம். மரத்தின் கீழ் ஒரு மேசை, இரண்டு கதிரை, பெயர் பதிகிற இடாப்பு காற்றுக்குப் பறக்காமல் மேலே வைக்க ஒரு சங்கு. முதல்நாள் நான் கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, ஆதம்பன் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ட்ராக்டரில் வந்திறங்கியது. "எத்தினை பேர்?" என்று கேட்டேன். குடும்பத் தலைவர் "ஏழு" என்றார். 7 என்று எழுதினேன்.

ஐயா கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார்.

"பேர் எண்டால் என்ன பிள்ளை?"

"ஆக்கள்."

"வேறை?"

யோசித்துவிட்டு, "பெயர்" என்றேன்.

"அப்ப எத்தினை பேர் எண்டு கேட்டுப்போட்டு ஏன் இலக்கத்தை எழுதினனீ? ஏழு பேர் எண்டால் ஏழு பேரையும் எழுது." பிறகு அந்த மனிதர் பக்கம் திரும்பி, "தம்பி, ஆர் ஆர் வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார் அவர். மனைவி, பிள்ளைகள், மாமியார். ஏழாவது பெயரைச் சொல்லிவிட்டு வாய் நின்றது. திரும்பி ட்ராக்டர்ப் பெட்டியைப் பார்த்தார். பாய்க்கட்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் ஒரு பெண் சுருண்டு கிடந்தா. அவருடைய தமக்கை, மனநிலை சரியில்லாதவ. கூப்பன் கணக்கில் அவவை எவரும் சேர்ப்பதில்லையாம், அவருக்கும் அது பழகிப்போய்விட்டதாம். ஐயா எழும்பிப் போய்ப் பெட்டியின் ஓரத்தில் நின்று, "அக்கா, உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். அவ நிறைய நேரம் எடுத்துச் சொன்னா. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டாவது பெயராக நான் அதை எழுதினேன். அடுத்த கிழமையிலிருந்து எட்டுப் பேருக்கு மாவும் பருப்பும் சீனியும் போனது.

தமிழில் ஆளுக்கும் பேர், பெயருக்கும் பேர். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி, அதுவரை எனக்கு இது உறைக்கவில்லை. இத்தனைக்கும் நான் ஏ.எல்.லில் தமிழ் படித்தவள். "எத்தினை பேர் எண்டு கேட்டால் சனம் விரலை மடக்கி எண்ணும். ஆர் ஆர் எண்டு கேட்டால் முகத்தை நினைக்கும். முகத்தை நினைக்கேக்கை ஒருத்தரும் விடுபடாயினம்" என்றார். இன்றைக்கும் என் மேசைக்கு வருகிறவர்களிடம் ஆர் ஆர் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு வேதத்திலிருந்து வந்தது. காலையில் இடாப்பைத் திறக்கும்போது பேனை பிடித்த கையாலேயே நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போடுவார். வேலை குறைந்த மத்தியானங்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறபோது கதை சொல்லுவார். யேசு பிறந்ததே ஒரு குடிமதிப்பு நேரத்தில்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரோமையில் இருந்த அகுஸ்து இராயன் உலகம் முழுவதையும் எழுதச் சொன்னான், சூசையப்பரும் வயிற்றில் பிள்ளையோடு மரியாளும் பெயர் பதியப் பெத்லகேமுக்குப் போனார்கள், போன இடத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. "அந்த ஊர் விதானை ஆரெண்டு எழுதேல்லை" என்பார். "எழுதியிருந்தால் நான் அவனுக்காகச் செபிச்சிருப்பன். இடம் இல்லை எண்டு சொல்லுறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும்." தாவீது இராசா தன் சனத்தை எண்ணச் சொன்ன கதையும் சொன்னார். வாள் பிடிக்கத் தக்கவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினானாம். எண்ணி முடித்ததும் தான் பாவம் செய்தேன் என்று அவன் மனமே அவனை அடித்ததாம், நாட்டில் கொள்ளைநோய் விழுந்ததாம். நூறு ஆட்டில் ஒன்றைக் காணவில்லை என்று தேடிப்போன மேய்ப்பனும் எண்ணியவன்தான். "வரி வேண்ட எண்ணினவன் ஒருத்தன். சண்டைக்கு எண்ணினவன் ஒருத்தன். காணேல்லையெண்டு தேட எண்ணினவன் ஒருத்தன். நீ ஆருக்கு எண்ணுறாய் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டுப்பார்."

அந்தக் கேள்வி வெறும் கதையாக இருக்கவில்லை. அந்த வருடத்தில் ஒருநாள் சிலர் வந்து ஊர்ப் பிள்ளைகளின் பெயரும் வயதும் கேட்டார்கள். யார் என்று எழுதத் தேவையில்லை. ஐயா மேசையில் இருந்த இடாப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு, வயது எழுதின இடாப்பைக் கறையான் அரித்துவிட்டது என்றார். அரித்த இடாப்பு ஒன்றும் இல்லை, அவர் கையின் கீழ்தான் முழுதாக இருந்தது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பியும் வந்தார்கள், அது வேறு கதை. என் அறிவில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னாராம். சுவாமி என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். இடாப்பைப் புதைச்சு வைக்கவும் சொன்னார்" என்றார்.

2008 ஏப்ரலில் மடு மாதா இடம்பெயர்ந்தா. நானூறு வருடத்துக்குக் கிட்ட வணங்கிவருகிற சொரூபம், சண்டை கோயில் வளவுக்கே வந்துவிட்டபடியால் குருமார் எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்கு வந்தார்கள். ஆவணித் திருநாளுக்கு நாடு முழுவதிலுமிருந்து சனம் போகிற இடம் வெறித்துக் கிடக்க, மாதா எங்கள் கரையோரச் சின்னக் கோயிலொன்றில் வந்து இருந்தா. ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். உள்ளே நிற்க இடமில்லை, வாசல் மணலில் முழங்காலில் நின்றோம். நான் சைவக்காரி, எப்படிக் கும்பிடுவதென்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். "அம்மாளாச்சியைக் கும்பிடுற மாதிரிக் கும்பிடு, போதும்" என்றார். திரும்பி வரும்போது வழி நெடுகப் பேசவில்லை. வீட்டுப் படலையடியில் இறங்கி, "தாயும் இடம்பெயர்ந்து வந்திட்டா பிள்ளை. இனி எங்களுக்கு ஆர் அட்டை எழுதுறது?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நாங்கள் ஓடியதை ஊர்வாரியாக எழுத எனக்கு மனமில்லை. அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை. வன்னிச் சனத்துக்கு இந்தப் பெயர்களை இந்த வரிசையில் சொன்னாலே போதும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் அடித்தபோது தருமபுரத்தில் தரப்பாள் கொட்டிலில் இருந்தோம். ஒரே இரவில் வெள்ளம் பாய்க்கு மேல் வந்துவிட்டது. இடாப்பை உரப்பையில் சுற்றிக் கப்பில் கட்டியிருந்தார், ஆனாலும் தண்ணி போய்விட்டது. விடிந்து பார்த்தால் பேனையால் எழுதிய பெயர்கள் ஒன்றோடொன்று கரைந்து நீலமாகக் கிடந்தன. ஐயாவின் மனைவி, நாங்கள் ரீச்சரம்மா என்று கூப்பிடுகிறவ, அடுப்பை மூட்டினா. விறகும் ஈரம், புகைதான் வந்தது. அந்தப் புகைக்கு மேலே ஒவ்வொரு தாளாகப் பிடித்துக் காய வைத்தோம். கிட்டப் பிடித்தால் கருகும், தூரப் பிடித்தால் காயாது. ரீச்சரம்மாவின் கை அளவாகப் பிடித்தது, அப்பம் சுடுகிற கை. காய்ந்த தாளில் அரைகுறையாகத் தெரிந்த பெயர்களை ஐயா வாசிக்க, நான் புது சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். தெரியாத இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். "கடற்கரை ஒழுங்கை, மூண்டாம் வீடு, முருங்கை நிக்கிற வளவு. மூத்தவள் கலியாணம் முடிச்சவள். அடுத்தவன் நெட்டையன். அவன்ரை பேர்..." என்று வீடு வீடாக மனசுக்குள் நடந்துபோய்ப் பெயரைக் கொண்டுவருவார். இரண்டு நாள் எடுத்தது. ஒரு பெயரும் விடுபடவில்லை. அந்த சீ.ஆர். கொப்பிதான் பிறகு கடைசிவரை எங்களோடு வந்தது.

2009 மார்ச்சில் பொக்கணையில் ரீச்சரம்மா போனா. கஞ்சிக்குப் போன இடத்தில் ஷெல். மணலைத் தோண்டி, அவவின் கூறைச் சீலையாலேயே சுற்றிப் புதைத்தோம். ஐயா கையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு வந்து கொப்பியைத் திறந்தார். தன் குடும்பப் பக்கத்தை எடுத்து, அவவின் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு குருசும் நாளும் இடமும் எழுதினார். சைவக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் குருசு போடமாட்டார், நாளும் இடமும் மட்டும். எழுதிவிட்டுக் கொப்பியை மூடவில்லை. அதே ஷெல்லில் போன மற்றவர்களின் பக்கங்களைத் தேடி எடுத்தார். அவர்களையும் எழுதி முடித்த பிறகுதான் அழுதார்.

அது தவக்காலம். ஊரில் என்றால் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் பாடுகிற நாட்கள். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி என்பவர் முந்நூறு வருடத்துக்குக் கிட்ட முதல் தமிழில் எழுதிவைத்தது, யேசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்புவது. ஐயா எங்கள் பக்கத்தில் பேர்போன பிரசங்கக்காரர். அந்த வருடம் பெரிய வெள்ளி ஏப்ரல் 10. பங்கருக்குள் எங்கள் இரண்டு குடும்பமும் அயலில் இன்னொரு குடும்பமும் நெருங்கி இருந்தோம். மேலே சத்தம் ஓயவில்லை. ஐயா மெல்லத் தொடங்கினார். புத்தகம் இல்லை, மனப்பாடம். தாய் மகனைச் சிலுவையடியில் பார்த்து அழுகிற இடம் வந்தபோது எங்கள் அம்மா, வேதக்காரர் என்று என்னை மறித்த அதே அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. என் அண்ணா காணாமல் போய் அப்போது பதினாறு நாள். எங்கள் ஒப்பாரியும் அந்தப் பிரசங்கமும் ஒரே இராகத்தில்தான் இழுபடுகின்றன. அது அன்றைக்குத்தான் என் காதுக்குப் பிடிபட்டது.

ஏப்ரல் 20 இல் மாத்தளன் களப்பால் இறங்கி வந்தோம். நெஞ்சுமட்டத் தண்ணி. ஐயா கொப்பியை ரீச்சரம்மாவின் சீலைத் துண்டொன்றால் சுற்றித் தலையில் கட்டியிருந்தார். வேறு ஒன்றும் கொண்டுவரவில்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வந்த சனத்தை அரசாங்கம் கம்பிவேலிக்குள் வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் எங்கள் ஊர்ச் சனம் வேறுவேறு பிரிவுகளில் சிதறிக் கிடந்தது. ஐயா கேட்டபடி நான் ஊர்க்காரரை விசாரித்து விசாரித்து எழுதினேன். ஒருவர் வந்து, இன்ன பெடியன் மாத்தளனில் ஷெல்பட்டுப் போட்டான், தான் கண்டதாகச் சொன்னார். பேனையால் எழுதினேன்: இறப்பு, மாத்தளன். செய்தி கம்பிவேலிக்கு அப்பால் இருந்த தாய்க்குப் போய்விட்டது. அந்தத் தாய் மச்சமாமிசம் விட்டு, முப்பத்தோராம் நாளுக்குத் தன் பங்குச் சோற்றைப் படைத்து அழுது முடித்து இரண்டு கிழமையால் பெடியன் வவுனியாவிலிருந்து வந்து இறங்கினான். ஒரு காலில்லை, உயிர் இருந்தது. செஞ்சிலுவைக் கப்பல் காயக்காரரோடு அவனையும் புல்மோட்டைக்கு ஏற்றிப்போயிருக்கிறது. சொன்னவர் கண்டது அவன் விழுந்ததை மட்டும்தான்.

ஐயா என்னைப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "வா" என்று கூட்டிக்கொண்டு வேலிக்குப் போனார். அந்தப் பக்கம் தாயைக் கூப்பிடுவித்துவிட்டு, "நீயே சொல்லு" என்று தள்ளி நின்றார். நான்தான் பிழையாக எழுதினேன் என்று சொன்னேன். அந்த மனுசி முட்கம்பிக்குள்ளால் கையை விட்டு என் கையைப் பிடித்தா. ஒன்றும் சொல்லவில்லை. பிடித்தபடியே நின்றா. அவவின் பெருவிரல் நகம் கறுத்து வெடித்திருந்தது, பங்கர் வெட்டின கை. இன்றைக்கும் பேனை எடுக்கும்போது சில நேரம் அந்த நகம் நினைவுக்கு வரும்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் ஐயா ஒரு பென்சிலைச் சீவித் தந்தார். "கண்ணால கண்டதைப் பேனையால எழுது. காதால கேட்டதைப் பென்சிலால எழுது. அழிக்க ஏலும் எண்டுதான் பென்சில்." அன்றிரவே முழுக் கொப்பியையும் அப்படித் திருத்தினோம். புதைத்ததை யாரோ ஒருவர் கண்ணால் கண்டு, அவர் வாயாலேயே எங்களுக்குச் சொன்ன பெயர்களுக்கு மட்டும் பேனை. மற்றதெல்லாம் பென்சில். என் அண்ணாவின் பெயர் பென்சிலுக்குப் போனது.

முகாமுக்குள் இருக்கும்போதே அவருக்கு அறுபது வயது முடிந்தது, ஓய்வு. விதானை வேலை முடிந்தது என்று அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் ஒரு கணக்குக் கேட்டார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்த சனம் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? அந்த முதல் எண் கச்சேரிக் கணக்கு. கச்சேரிக்குக் கணக்கு வானத்திலிருந்து வருவதில்லை, விதானைமாரின் இடாப்பிலிருந்துதான் போகிறது. புளியமரத்தின் கீழ் நாங்கள் எழுதிய பேரும், ட்ராக்டர்ப் பெட்டியில் கிடந்த அக்காவும் அதற்குள் இருக்கிறார்கள். செய்தித்தாளை நான்தான் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். நெடுநேரம் இருந்துவிட்டு, "ஆண்டகை இலக்கத்தைக் கேட்டது சரி. அவையளுக்கு இலக்கம் சொன்னால்தான் விளங்கும். எங்கட ஊர்ப் பேரை நாங்கள்தான் சொல்லவேணும்" என்றார். அவருடைய கொப்பியில் பென்சிலால் இருப்பவர்கள் எத்தனை என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. கேட்பவர் இருந்து கேட்டால் வாசித்துக் காட்டுவேன்.

2013 இல் எனக்கு வேலை கிடைத்தது. ஐயா என் கந்தோருக்கு வந்தால் வெளி வாங்கில் சனத்தோடு சனமாக இருப்பார். உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டார். ஒரேயொரு விசயத்தில் மட்டும் நான் அவரிடம் ஓடிப்போவேன். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி காணாமல்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. காணாமல்போனவர் என்றே சான்றிதழ் கொடுக்கும் வழி 2016 திருத்தத்தோடுதான் வந்தது. இடையில் எத்தனை தாய்மார் என் மேசைக்கு முன் வந்து நின்றார்கள். காணி உறுதி மாற்ற வேண்டும், வங்கிக் காசு எடுக்க வேண்டும், மரணச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எடுத்தால் பிள்ளையைத் தன் கையாலேயே சாகடித்த மாதிரி. நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"கேட்டால் எழுதிக் குடு, அந்தத் தாயைக் குறை நினையாதை. கேளாமல் நீயாக எடு எண்டு சொல்லாதை. எடுத்த பிறகும் என்ரை கொப்பியில அந்தப் பேர் பென்சிலாலதான் இருக்கும், அதைப் போய் அவவுக்குச் சொல்லு."

சொன்னேன். அரசாங்கத்துக்குச் செத்துவிட்டதாகக் கையெழுத்து வைத்துவிட்டு, ஐயாவின் வீட்டுக்குப் போய்ப் பென்சில் எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த தாய்மாரை எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் ஒருத்தி. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கியபோது ஐயா முடிந்த நாட்களில் பஸ் ஏறிப் போவார். பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு கதிரையில் இருந்துவிட்டு வருவார்.

அடுத்த வருடம் ஏப்ரல் 23 இல் தீவுச் சனம் எவரையும் கேளாமல் வள்ளங்களில் ஏறி இரணைதீவுக்குப் போனபோது முதல் வள்ளங்கள் ஒன்றில் அவரும் இருந்தார். 26 வருடத்துக்குப் பிறகு. பற்றைக்குள் வேலியைத் தேடித் தன் வளவைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்தார். அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

போன மாதம்தான் தெரிந்தது. பெட்டிக்குள் வைக்கச் சொல்லி மகளிடம் கொடுத்து வைத்திருந்தாராம்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. என் அப்பாவைக் கொண்டுபோனபோது படலையோடு நின்றவள் நான். வேதக்காரருக்கு அந்தத் தடை இல்லை. பெட்டி எழும்பியதும் நான் பழக்கத்தில் படலையில் நின்றுவிட்டேன். மகள் திரும்பி வந்து கையைப் பிடித்தா. "வாங்கோ அக்கா, அப்பா உங்களைத் தேடுவார்." புதைக்கிற இடமான சேமக்காலை வரை நடந்தேன். வழி முழுக்கச் செபமாலை. எனக்கு 'அருள் நிறைந்த மரியே' பாதி தெரியும், மிச்சத்துக்கு உதடு அசைத்தேன். குழிக்குள் பெட்டி இறங்கியது. ஒவ்வொருவராக மண் அள்ளிப் போட்டார்கள். நான் போட்ட மண்ணில் ஒரு சின்னச் சிப்பி இருந்தது, பெட்டியில் பட்டு டிக்கென்று கேட்டது. வாழ்க்கையில் முறைப்படி நடந்த ஒரு சாவைக் கடைசிவரை கண்ணால் கண்டது எனக்கு அதுதான் முதல்தரம். அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அண்ணாவுக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து தோய்ந்தேன், அது மட்டும் எங்கள் வழக்கப்படி.

எட்டாம் நாள் செலவு முடிந்தபிறகு மகள் கொப்பியைக் கொண்டுவந்து தந்தா. சீலைத் துண்டு இன்னும் சுற்றியிருக்கிறது. அவருடைய குடும்பப் பக்கத்தை எடுத்து, ரீச்சரம்மாவின் பெயருக்கு மேலே அவருடைய பெயருக்கு நேரே குருசும் நாளும் இடமும் எழுதினேன். பேனையால்.

பிறகு பக்கங்களைப் புரட்டினேன். பென்சில் எழுத்து பதினாறு வருடத்தில் மங்கிப் போயிருக்க வேண்டும். மங்கவில்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தடித்து, தாளில் பள்ளம் விழுந்து கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் நவம்பரில், மரித்த ஆத்துமாக்களுக்குச் செபிக்கிற மாதத்தில், அப்பா இரவிரவாக லாம்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கு மேல் எழுத்தாக எழுதுவார் என்று மகள் சொன்னா. பேனையால் எழுதிவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடுமே என்று ஒருமுறை கேட்டாளாம். "முடியக்கூடாது எண்டுதான்" என்றாராம். போன நவம்பரில் கை நடுங்கியிருக்கிறது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் எழுத்து பழைய பள்ளத்தை விட்டு வழுக்கி வெளியே ஓடியிருக்கிறது.

நவம்பர் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சந்தையில் ஒரு பெட்டிப் பென்சில் வாங்கினேன். இரவு அம்மா படுத்தபிறகு மேசையில் இருந்து, வழுக்கிய பக்கங்களிலிருந்து தொடங்கினேன். ஒரு பெயரை வாசித்து, அந்த வளவை நினைத்து, முகத்தை நினைத்து, பிறகுதான் எழுதலாம். கடற்கரை ஒழுங்கை, மூன்றாம் வீடு, முருங்கை நின்ற வளவு. நேற்று எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது. அம்மா எழும்பி வந்து பக்கத்தில் நின்றா. பென்சிலைக் கேட்டு வாங்கி, அண்ணாவின் பெயரை அவவே எழுதினா.